ராத்திரியெல்லாம் கொட்டக் கொட்ட விழிக்கும் கைக்குழந்தைக்கு

பிறந்து 6 முதல் 8 வாரம் வரை குழந்தைக்கு இரவு பகல் பிடிபடாது. அதைப் பழக்குவது பகலில்தான் தொடங்குகிறது. பகல் தூக்கத்துக்காக ஜன்னலைச் சாத்தி இருட்டாக்க வேண்டாம். வெளிச்சமும் மிக்ஸி சத்தமும் இருந்துவிட்டுப் போகட்டும். பகலில் 2 மணி நேரத்துக்கு மேல் ஒரேயடியாகத் தூங்கினால் எழுப்பிப் பால் கொடுங்கள். பகலில் குடிக்காததை ராத்திரி கேட்கும்.

இருட்டியதும் தினமும் ஒரே வரிசை: வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடம்பு துடைத்து, பருத்திச் சட்டை மாட்டி, விளக்கைக் குறைத்து, பால் கொடுத்து, தோளில் போட்டு ஏப்பம் விடவைத்து, தாலாட்டு. கண் சொருகும்போதே கிடத்திவிடுங்கள். தூளியில் ஆட்டியே உறங்கிய குழந்தை, தூக்கம் லேசாகும்போதெல்லாம் அந்த ஆட்டத்தைத் தேடி அழும். சமமான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கக் கிடத்த வேண்டும். தலையணை, தடித்த போர்வை, பொம்மை எதுவும் கூடாது, பாட்டி தைத்துக் கொடுத்த இலவம்பஞ்சுத் தலையணை உட்பட!

நடு ராத்திரியில் முனகியதும் தூக்காதீர்கள். கண் மூடியிருக்கும், கைகால் உதறும், முகம் சுளிக்கும். அது லேசான தூக்கம். ஓரிரு நிமிடம் பாருங்கள். அவசரப்பட்டுத் தூக்கினால் நாமே எழுப்பிவிட்டதாகும். நிஜமாகவே பசித்து அழுதால் மங்கிய வெளிச்சத்தில், பேச்சுக் கொடுக்காமல் பால் கொடுங்கள். இந்த வயதில் இரவுப் பாலை நிறுத்தவே கூடாது. நன்றாகத் தூங்கும் என்று நாக்கில் தேன் தடவுவதும் வேண்டாம். 1 வயது வரை தேன் ஆபத்து.