இரண்டாம் ஜேம்ஸ் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வரலாற்று மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்துவது என் வேலை. புராட்டஸ்டன்ட் இங்கிலாந்தில் கத்தோலிக்க சமயத்துக்குப் பழைய இடத்தை மீட்டுத் தரப் பார்த்த அரசர் இரண்டாம் ஜேம்ஸைப் பற்றி யார் எழுதினாலும், நான் படித்த காலத்தில் வந்த அதே பிழைகள்தான் இன்றும் வருகின்றன. பெயர், ஆண்டு மாறிப்போவதை எல்லாம் விட்டுவிடுகிறேன், ஒரு தடவை சரிபார்த்தால் போதும்.

முடிவைத் தெரிந்துகொண்டு கதையைத் தொடங்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். நன்றாகப் படிக்கிற மாணவி ஒருவர், "முடிசூடிய நாள் முதலே மக்கள் அவரை வெறுத்தார்கள்" என்று எழுதியிருந்தார். அப்படியானால் 1685 நாடாளுமன்றம் அவருக்கு ஆயுள் முழுவதற்கும் தாராளமாக வருவாய் ஒதுக்கியது ஏன், அரியணைக்கு உரிமை கொண்டாடி அவருடைய அண்ணன் மகன் மான்மத் பிரபு கலகத்தில் இறங்கியபோது நாடு மான்மத் பின்னால் போகாதது ஏன் என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை.

ஜேம்ஸ் கத்தோலிக்கர் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெரிந்தேதான் அவரை அரியணைக்கு வரவிடாமல் தடுக்கும் மசோதாவை 1680-இல் பிரபுக்கள் சபை தோற்கடித்தது, அங்கிருந்த பிஷப்புகளும் அவர் பக்கம்தான் நின்றார்கள். அரசரை எதிர்ப்பது பாவம் என்று போதித்த திருச்சபை, இங்கிலாந்தின் புராட்டஸ்டன்ட் திருச்சபை. அந்த ஆதரவைத்தான் அவர் மூன்றே ஆண்டுகளில் கரைத்தார். அரசுப் பதவிகளுக்குக் கத்தோலிக்கர்களை வரவிடாத 1673-ஆம் ஆண்டின் சோதனைச் சட்டத்தை ஒதுக்கிவிட்டுக் கத்தோலிக்கர்களுக்குப் படையில் பதவி கொடுத்தார், ஆக்ஸ்ஃபோர்டின் மாட்லின் கல்லூரியில் தாம் சொன்ன தலைவரை ஏற்காத ஆசிரியர்களை வெளியேற்றினார், அப்புறம் 1688-இல், கத்தோலிக்கர்களும் திருச்சபைக்கு வெளியே இருந்த புராட்டஸ்டன்ட்களும் தங்கள் வழியில் வழிபடலாம் என்ற தமது சமய சுதந்திர அறிவிப்பை எல்லாத் தேவாலயங்களிலும் வாசிக்கச் சொன்னார்.

மே 18 இரவு ஆறு பிஷப்புகள் ஒயிட்ஹால் அரண்மனைக்குப் போய், வாசிக்க இயலாது என்ற மனுவை அரசரிடம் கொடுத்தார்கள். எழுதியவர் கேன்டர்பரி ஆர்ச்பிஷப் சான்கிராஃப்ட். அவருக்கு அரண்மனைக்கு வர அனுமதி இல்லை, ஆனால் அது அவர் கையெழுத்து என்று ஜேம்ஸ் பார்த்த உடனே கண்டுகொண்டார். மூன்றாண்டுக்கு முன் தமக்கு முடிசூட்டியவரே அவர்தானே! படித்து முடித்ததும் இது கலகம் என்று ஜேம்ஸ் கொதித்தார், பிஷப்புகள் பதறிப்போய் மறுத்தார்கள். கடைசியில் ஏழு பேரும் லண்டன் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். ஜூன் 30 அன்று நடுவர் குழு அவர்களை விடுவித்தது. ஜேம்ஸின் மகள் மேரியின் கணவரான ஹாலந்தின் ஆரஞ்சு இளவரசர் வில்லியமைப் படையோடு வரச்சொல்லும் அழைப்புக் கடிதமும் அதே தேதியிட்டதுதான்.

இதை முழுதாக எழுதுங்கள். அந்த ஏழு பேரில் சான்கிராஃப்ட் உட்பட ஐந்து பேர், பிறகு ஜேம்ஸின் இடத்தில் அரசரான வில்லியமுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்துப் பதவியை இழக்கவும் தயாராக இருந்தார்கள், ஏனென்றால் ஜேம்ஸுக்குக் கொடுத்த வாக்கு அவர்களைப் பொறுத்தவரை வாக்குதான். "அரசரை வெறுத்த மக்கள்" என்ற ஒரே வரியில் இவர்களை எங்கே வைப்பீர்கள்?

சமய சுதந்திர அறிவிப்பை வெறும் நாடகம் என்று ஒதுக்குவது

அவசரப்படாதீர்கள். திருச்சபைக்கு வெளியே இருந்த சிறு புராட்டஸ்டன்ட் பிரிவான குவேக்கர்களும் அதனால் பயனடைந்தார்கள், அவர்களில் ஒருவரான வில்லியம் பென் ஜேம்ஸை ஆதரித்தார். ஆனால் 1685-இல் பிரான்ஸின் பதினான்காம் லூயி அங்கிருந்த புராட்டஸ்டன்ட்களுக்கு வழிபாட்டு உரிமை தந்த நான்ட் ஆணையை ரத்து செய்ய, ஹியூகனாட் எனப்பட்ட அந்தப் புராட்டஸ்டன்ட் அகதிகள் லண்டனில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் ஒரு கத்தோலிக்க அரசரின் வாக்குறுதியை நம்பத் தயங்கியதில் வியப்பில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இளவரசர் பிறந்ததை விட்டுவிடுவது

1688 ஜூன் 10. அதுவரை வாரிசு புராட்டஸ்டன்ட் மகள் மேரி, அதனால் பலர் பொறுத்திருந்தார்கள். மகன் பிறந்ததும் அடுத்த அரசரும் கத்தோலிக்கராகவே இருப்பார் என்றானது.

"இரத்தமற்ற புரட்சி"

ஜேம்ஸ் போய் வில்லியம் வந்ததை இப்படிச் சொல்பவர்கள் அயர்லாந்தில் இரு தரப்பும் மோதிய போர்களை மறக்கிறார்கள்: பாய்ன், 1690. ஆக்ரிம், 1691.

இரண்டு நாட்காட்டிகளைக் கலப்பது

அன்றைய இங்கிலாந்து நாட்காட்டி ஹாலந்து நாட்காட்டிக்குப் பத்து நாள் பின்தங்கியது. வில்லியம் கப்பலேறியதை டச்சுக் கணக்கில் நவம்பர் 11 என்றும், டார்பேயில் இறங்கியதை ஆங்கிலக் கணக்கில் நவம்பர் 5 என்றும் ஒரே பத்தியில் எழுதியவர்கள் உண்டு. ஏதாவது ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு, எது என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.