பழைய டேனிஷ் தேக்கு மேஜையைப் புதுப்பிப்பது எப்படி?

1950, 60களில் டென்மார்க்கில் செய்த சாப்பாட்டு மேஜைகளில் எனக்கு மிகவும் பிடித்தது, இரு முனைகளிலும் பலகையை இழுத்து நீட்டிக்கொள்ளும் வகை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பர்மா, தாய்லாந்து தேக்கு அங்கே தாராளமாக வந்து இறங்கியது. கோபன்ஹேகன் தச்சர் சங்கம் 1927 முதல் 1966 வரை ஆண்டுதோறும் நடத்திய கண்காட்சிகள் வடிவமைப்பாளரையும் தச்சரையும் ஒன்றாக உட்காரவைத்தன. அலங்காரம் என்று தனியாக எதையும் ஒட்டவைக்காமல், கால் மெலிந்து இறங்கும் விதத்திலும் விளிம்பின் வளைவிலும் மரவரிகளைப் பொருத்திய நேர்த்தியிலும் அழகைக் கொண்டுவந்தார்கள். ஆந்திரியாஸ் டுக் தொழிற்கூடத்துக்காக டேனிஷ் வடிவமைப்பாளர் ஹான்ஸ் வெக்னர் வடிவமைத்த மேஜைகளைப் பார்த்தால் இது புரியும்.

இப்படி ஒன்று கைக்கு வந்தால் உடனே உப்புத்தாளைத் தேடாதீர்கள். மேல்பலகை பெரும்பாலும் வெனீர்தான், அதாவது வேறு பலகைமேல் ஒட்டிய மெல்லிய தேக்குத் தகடு. அது ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. தேய்த்து ஓட்டை விழுந்தால் திரும்ப வராது.

1. குனிந்து அடியில் பாருங்கள்

நீட்டுப் பலகைகள் இரண்டும் மேல்பலகைக்குக் கீழே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் அடியில் நீண்ட மரச்சட்டங்கள், லேசான சரிவோடு இழைக்கப்பட்டவை. பலகையை இழுக்க இழுக்க அந்தச் சரிவு அதை மேலே ஏற்றும். முழுவதும் வெளியே வந்ததும் மேல்பலகை இறங்கி, எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்கும். உள்ளே தள்ளும்போது மேல்பலகையின் அந்த முனையைச் சற்றே தூக்க வேண்டும். இரும்பு ஸ்பிரிங் எதுவும் இல்லாமல், மரத்தின் சாய்வை மட்டும் வைத்து இதைச் சாதித்திருக்கிறார்கள்!

இது நடக்க வேண்டுமானால் மேல்பலகை தூக்க வரும்படி தளர்வாக இருக்க வேண்டும். ஆடுகிறதே என்று யாராவது திருகாணி போட்டு இறுக்கியிருந்தால் கழற்றிவிடுங்கள். சட்டங்கள் உரசும் இடத்தில் சாதாரண மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும். கிரீஸ் வேண்டாம், தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

2. சுத்தம்

வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் துலக்கும் திரவம் சில சொட்டு. துணியை நன்றாகப் பிழிந்து, மரவரி ஓடும் திசையில் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஈரத்தை எடுத்துவிடுங்கள். பழைய மெழுகுப் பிசுக்கு இருந்தால் கொஞ்சம் டர்பன்டைன். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். அப்புறம் ஒரு நாள் காயட்டும்.

3. எண்ணெயா, லாக்கரா?

கண்ணுக்குப் படாத ஓரத்தில் ஒரு சொட்டு ஆளி விதை எண்ணெய் விடுங்கள். மரம் உறிஞ்சினால் அது எண்ணெய் பூசிய மேஜை, அடுத்த படிகளுக்குப் போங்கள். அப்படியே உருண்டு நின்றால் லாக்கர், அதாவது வார்னிஷ் போல மரத்தின்மேல் படலமாக நிற்கும் பூச்சு. அது நன்றாக இருந்தால் மெழுகு பாலிஷ் போட்டு நிறுத்திக்கொள்ளலாம்.

4. கறைகள்

எண்ணெய் பூசிய மேஜையில் டம்ளர் வைத்த வெள்ளை வட்டம் இருந்தால், மிக நுண்ணிய இரும்பு நாரில் எண்ணெய் தொட்டு மரவரியோடு மெல்லத் தேய்க்கலாம். தண்ணீர் மட்டும் தொடாதீர்கள், இரும்புத் துரு மரத்தில் கறுப்பாகப் பதியும். அதற்கும் போகாத கீறலுக்குத்தான் உப்புத்தாள்: 240 எண், கையால், சில இழுப்புகள் மட்டும். விளிம்பருகே வெனீர் முடிந்து கெட்டி மரம் தொடங்கும், அந்தக் கோட்டைத் தொடாதீர்கள். நிறம் திடீரென வெளுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஆழமான கறை கொஞ்சம் மிஞ்சினாலும் பரவாயில்லை என்பது என் கருத்து. அறுபது ஆண்டுகள் பலர் சாப்பிட்ட மேஜைக்கு அது குறையில்லை.

5. எண்ணெய்

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் கூடாது. அவை இறுகிக் காயாமல் பிசுபிசுத்துச் சிக்கடிக்கும். கடையில் டேனிஷ் ஆயில் என்றோ தேக்கு எண்ணெய் என்றோ கிடைப்பதை வாங்குங்கள். பஞ்சுத் துணியால் மெல்லிதாகப் பூசி, 15 முதல் 20 நிமிடம் விட்டு, மிச்சத்தை முழுவதும் துடைத்தெடுங்கள். இந்தத் துடைப்பில்தான் வேலை இருக்கிறது. துடைக்காவிட்டால் ஒட்டும். 24 மணி நேரம் கழித்து இரண்டாவது பூச்சு. தேவைப்பட்டால் மூன்றாவது. நீட்டுப் பலகைகளுக்கும் அதே எண்ணிக்கை.

துணிகளைக் கவனியுங்கள். எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால், எண்ணெய் காயும்போது வரும் சூடு உள்ளேயே தேங்கி, தானாகத் தீப்பிடிக்கலாம். வெளியே ஒற்றையாக விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி மூடியுள்ள தகர டப்பாவில் வையுங்கள். இதில் சோம்பல் வேண்டாம்.

6. நிற வேறுபாடு

எல்லாம் முடிந்த பிறகும் நீட்டுப் பலகைகள் மேல்பலகையோடு நிறம் சேராமல் இருக்கலாம். பல ஆண்டுகள் இருட்டில் கிடந்தவை அவை. வண்ணம் பூசிச் சமன் செய்ய முயல வேண்டாம். சில வாரங்கள் மேஜையை நீட்டியபடியே வெளிச்சம் படும் அறையில் வைத்து, மேல்பலகையை மட்டும் துணியால் மூடுங்கள். தேக்கு வெளிச்சத்தில் நிறம் மாறும், வித்தியாசம் குறைந்துகொண்டே வரும். நேர் வெயில் வேண்டாம், வெனீர் விரிசல் விடும்.

அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை ஒரே ஒரு மெல்லிய பூச்சு போதும்.