ஏர்பேக் விளக்கை அணைத்தால் பழுது தீர்ந்துவிடுமா?

பிரேக் பிடிக்கிறதா என்று மிதித்துப் பார்க்கலாம். ஏர்கோன் குளிர்கிறதா என்று கையை நீட்டிப் பார்க்கலாம். ஏர்பேக்கை அப்படி ஒருமுறை வெடிக்கவிட்டுப் பார்க்க வழியில்லை. கோலாலம்பூர் செந்தூலில் ஒரு பட்டறையில் அவசரத்தில் மாட்டிய கனெக்டர் சரியாக உட்கார்ந்ததா இல்லையா என்பது, சில வருடம் கழித்து காராக் நெடுஞ்சாலையில் ஒரு மோதல் நடக்கும் அந்த 30 மில்லி விநாடியில்தான் தெரியவரும். அதுவரை நமக்கு இருக்கும் ஒரே சாட்சி மீட்டர் பலகையில் உள்ள சிவப்பு விளக்கு. கீழே வரும் தவறுகளில் பாதி அந்தச் சாட்சியின் வாயை அடைப்பதில்தான் தொடங்குகின்றன.

"அண்ணே, லைட்ட மட்டும் ஆஃப் பண்ணிக் குடுங்க, போதும்"

பட்டறைகளில் தினமும் கேட்கும் வாசகம் இது. சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினால் எஸ்.ஆர்.எஸ். என்று குறிக்கப்படும் ஏர்பேக் விளக்கு ஏறக்குறைய 6 விநாடி எரிந்து பிறகு அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் பழுது. கொஞ்ச நேரம் அணைந்திருந்து, ஓடும்போது மறுபடி எரிந்தாலும் பழுதுதான். விளக்கு எரியவே இல்லை என்றால் பலர் நிம்மதியாகப் போய்விடுகிறார்கள். உண்மையில் இந்த மூன்றில் அதுதான் மோசம். யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம். அல்லது அந்த வயரை வேறொரு விளக்கோடு சேர்த்துக் கட்டியிருக்கலாம். ஆயில் விளக்கும் எஸ்.ஆர்.எஸ். விளக்கும் ஒரே கணத்தில் சேர்ந்து அணைகிற பழைய காரைக் கண்டால், விலை பேசுவதற்கு முன் அந்த மீட்டரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இதைவிட நுணுக்கமான மோசடி ரெசிஸ்டர் என்ற சிறு மின்தடைத் துண்டு. ஏர்பேக்கின் உள்ளே வாயுவை உண்டாக்கும் இன்ஃப்ளேட்டரைப் பற்றவைக்கும் சிறு முனையை ஸ்குவிப் என்பார்கள். அதன் மின்தடை 2 முதல் 3 ஓம். ஏர்பேக்கை இயக்கும் கணினியான கட்டுப்பாட்டுப் பெட்டி அந்த எண்ணைத்தான் பார்க்கிறது. பை உள்ளே இருக்கிறதா, வெடித்த பையைச் சுருட்டி வைத்து மேலே புது மூடி போட்டிருக்கிறார்களா என்பது அதற்குத் தெரியாது. 2 ஓம் ரெசிஸ்டரைக் கனெக்டரில் செருகினால் விளக்கு அழகாக அணைந்துவிடும். பழுது தேடும்போது தற்காலிகமாக இப்படிச் செருகிப் பார்ப்பது முறையான சோதனைதான். செருகியதை அப்படியே விட்டு மூடி அனுப்புவதுதான் குற்றம். பந்தயக் கார் ஸ்டியரிங் மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறார்கள். ஓட்டுநருக்கு ஏர்பேக் இல்லை, ஆனால் இருக்கிறது என்று விளக்கு பொய் சொல்லும்.

இன்னொரு வீண் வேலை, இணையத்தில் ஐம்பது அறுபது ரிங்கிட்டுக்கு வாங்கிய புளூடூத் ஸ்கேனரைச் செருகி, "கோட் (பழுதுக் குறியீடு) ஒன்றுமில்லை" என்று முடிவுக்கு வருவது. அவற்றில் பெரும்பாலானவை எஞ்சின் கோடுகளை மட்டும் படிக்கும். ஏர்பேக் கோடுகள் பி என்ற எழுத்தில் தொடங்கும் வேறு வகை. எஸ்.ஆர்.எஸ். பெட்டியோடு பேசத் தெரிந்த ஸ்கேனர் வேண்டும். கோடை அழிப்பதற்கு முன் எழுதி வையுங்கள், அல்லது ஒரு படம் எடுத்து வையுங்கள். இப்போதும் இருக்கிற பழுதா, எப்போதோ வந்துபோன பழுதா என்று ஸ்கேனர் அங்கேயே பிரித்துக் காட்டியிருக்கும். அழித்துவிட்டால் அந்தத் தடயம் போய்விடும்.

பேட்டரியைக் கழற்றியதும் கை வைப்பது

பேட்டரி நெகட்டிவை எடுத்தாயிற்று, இனி பயமில்லை என்று உடனே ஸ்டியரிங்கில் கை வைக்கிறார்கள். மோதலில் பேட்டரி நொறுங்கினாலும் ஏர்பேக் வெடிக்க வேண்டும் என்பதற்காகக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் ஒரு கபாசிட்டர் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். அது வடிய நேரம் வேண்டும். டொயோட்டா கையேடுகள் 90 விநாடி என்கின்றன, ஹோண்டா 3 நிமிடம் என்கிறது. எந்தக் காராக இருந்தாலும் அதன் கையேட்டில் உள்ள நேரம்தான் கணக்கு. கையேடு கிடைக்கவில்லை என்றால் பத்து நிமிடம் விட்டுவிடுவது நல்லது, ஒரு தே தாரிக் குடிக்கிற நேரம்தான். கழற்றிய நெகட்டிவ் கம்பி தானாகத் திரும்பி முனையைத் தொடாதபடி டேப் சுற்றி ஒதுக்கி வையுங்கள்.

இங்கே ஒரு கண்ணி உண்டு. ரேடியோ கோடும் கடிகாரமும் அழியாமல் இருக்க, சிகரெட் லைட்டர் துளை வழியாகவோ ஸ்கேனர் செருகும் இடம் வழியாகவோ சின்ன பேட்டரி ஒன்றை மாட்டும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. ஏர்பேக் வேலையில் அது கூடவே கூடாது. நெகட்டிவைக் கழற்றியும் கழற்றாத கணக்குதான்: கபாசிட்டர் வடியவே வடியாது.

மல்டிமீட்டர்

ஓம் பார்ப்பதற்கு மல்டிமீட்டர் தன் சொந்தப் பேட்டரியிலிருந்து ஒரு சிறு மின்னோட்டத்தை அனுப்புகிறது. ஏர்பேக்கின் இரண்டு முனையில் அதை வைத்தால், அந்தச் சிறு ஓட்டமே ஸ்குவிப்பைப் பற்றவைக்கப் போதுமானதாக இருக்கலாம். ஏர்பேக்கை நேரடியாக அளக்கவே கூடாது. ஏர்பேக் இருக்கும் இடத்தில் 2 ஓம் சோதனை ரெசிஸ்டரை வைத்து, கோடு மாறுகிறதா என்று ஸ்கேனரில் பார்ப்பதுதான் வழி. மாறினால் பழுது ஏர்பேக்கில், மாறவில்லை என்றால் வயரிங்கில் அல்லது பெட்டியில்.

ஏர்பேக் வயரின் மஞ்சள் கனெக்டரைத் திறந்து பார்த்தால் உள்ளே மெல்லிய உலோகத் தகடு ஒன்று இருக்கும். கனெக்டர் பிரிந்த உடன் அது இரண்டு பின்னையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், உடம்பிலுள்ள நிலைமின்சாரம் ஏர்பேக்கை வெடிக்கவிடாமல் இருக்க. டெஸ்ட் பின்னை உள்ளே குத்திப் பார்க்கிறவர்கள் இந்தத் தகட்டைத்தான் வளைக்கிறார்கள். மாட்டிய பிறகும் அது விலகாமல் நின்றால் ஷார்ட் கோடு வரும், அல்லது அடுத்த முறை பிரிக்கும்போது பாதுகாப்பு இருக்காது. மஞ்சள் வயர் அறுந்திருந்தால் முறுக்கி டேப் சுற்றுவது வேண்டாம். மின்தடை கொஞ்சம் கூடினாலே பெட்டி முறைக்கலாம்.

கிளாக் ஸ்பிரிங்: நல்ல காரைக் கெடுக்கும் வேலை

ஹாரன் அடிக்கவில்லை, ஸ்டியரிங்கில் உள்ள ஆடியோ பொத்தான் வேலை செய்யவில்லை, கூடவே ஏர்பேக் விளக்கு. மூன்றும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் கிளாக் ஸ்பிரிங். ஸ்டியரிங்குக்குப் பின்னால், வட்டப் பிளாஸ்டிக் டப்பிக்குள் பட்டையான கேபிள் கடிகாரச் சுருள்போலச் சுற்றியிருக்கும். ஸ்டியரிங் சுற்றினாலும் ஏர்பேக்குக்குப் போகும் வயர் அறாமல் இருப்பது அதனால்தான். பல கார்களில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஐந்து சுற்றுதான் அதற்கு இடம். நடுவிலிருந்து பக்கத்துக்கு இரண்டரை.

தவறு நடப்பது பெரும்பாலும், சக்கரங்களைத் திருப்பும் பகுதியான ஸ்டியரிங் ராக் மாற்றும்போது. கீழே ஜாயிண்டைக் கழற்றிவிட்டார்கள், மேலே ஸ்டியரிங் சும்மா சுற்றுகிறது. யாரோ காரில் ஏறும்போது அதைப் பிடித்து ஒரு சுற்று சுற்றிவிட்டார்கள். ராக்கைத் திரும்ப மாட்டும்போது சக்கரம் நேராக, ஸ்டியரிங்கும் பார்வைக்கு நேராக, ஆனால் உள்ளே சுருள் ஒரு சுற்று விலகி நிற்கிறது. வாடிக்கையாளர் ஓட்டிக்கொண்டு போகிறார், மறுநாள் அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தில் ஒரு பக்கம் முழுக்கத் திருப்பும்போது "டக்". கேபிள் அறுந்தது. ராக் மாற்றிய கூலியைவிட இந்தச் செலவு அதிகமாகிவிடும். ராக்கில் கை வைப்பதற்கு முன் சக்கரங்களை நேராக்கி, ஸ்டியரிங்கை இருக்கை பெல்ட்டால் கட்டி அசையாமல் பூட்டிவிட்டால் இந்த வம்பே இல்லை.

புது கிளாக் ஸ்பிரிங் ஒரு பூட்டு ஊசியோடு, நடுவில் நிறுத்தப்பட்டே வரும். மாட்டி முடிக்கும்வரை ஊசியை உருவ வேண்டாம். ஊசி ஏற்கெனவே போயிருந்தால், பல டொயோட்டா மாடல்களில் முறை இது: இடப்பக்கமாக மெதுவாக, இறுகும்வரை சுற்றுங்கள், பலம் கொடுக்க வேண்டாம். பிறகு வலப்பக்கம் இரண்டரை சுற்று வந்து, முகப்பிலுள்ள குறிகளை நேராக்குங்கள். வேறு காருக்கு அதன் கையேட்டில் உள்ள எண்ணிக்கை.

இருக்கைக்கு அடியில், கூரை ஓரத்தில்

உள் அலங்காரம் சுத்தம் செய்கிறவர்கள் இருக்கையைத் தூக்க மஞ்சள் கனெக்டரைக் கழற்றுவார்கள். அதில் தவறில்லை. கழற்றிய நிலையில் கண்ணாடியை இறக்க சாவியைத் திருப்புவதுதான் தவறு. அந்த ஒரு நொடியில் கோடு பதிவாகிவிடும். பிறகு கனெக்டரை மாட்டினாலும் பல கார்களில் ஸ்கேனர் இல்லாமல் விளக்கு அணையாது.

இருக்கையின் ஓரத்தில் எஸ்.ஆர்.எஸ். ஏர்பேக் என்று சின்ன அடையாளம் தைத்திருந்தால், பக்கவாட்டு ஏர்பேக் அந்தத் தையலைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வரும். முழுதாக மூடும் தோல் உறையை மேலே இழுத்துப் போட்டால் வழி அடைபடும். டேஷ்கேம் வயருக்கும் இதே கதை. முன்தூண் மூடியைத் தூக்கி வயரைத் திணிக்கும்போது, கூரை ஓரம் படுத்திருக்கும் திரை ஏர்பேக்குக்கு முன்னால் அது ஓடக் கூடாது, பின்னால் ஓட வேண்டும். மூடியைப் பிடிக்கும் கிளிப் பல மாடல்களில் ஒருமுறைதான் உதவும். உடைந்ததை அப்படியே அழுத்திவிட்டால், ஏர்பேக் வெடிக்கும் நாளில் அந்தப் பிளாஸ்டிக் மூடியே முகத்துக்கு வரும்.

டேஷ்போர்டில் பிள்ளையார், வேல். நம் கார்களில் இல்லாமல் இருக்காது. பயணி ஏர்பேக் மூடி எந்த இடத்தில் திறக்கும் என்று பார்த்து, அதைவிட்டு நடுப்பக்கமாக ஒட்டுங்கள். பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார். ஸ்டியரிங்கின் நடுச் சின்னத்தின்மேல் ஒட்டும் பளபளக் கல் பதித்த வில்லைகள் இன்னும் ஆபத்து. 2022-ல் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு இவற்றைப் பற்றித் தனியாக எச்சரிக்கை விட்டது.

வெள்ளமும் ஹாஃப்-கட்டும்

2017 நவம்பரில் பினாங்கிலும், 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் வெள்ளத்தில் நின்ற கார்கள் எத்தனையோ கைமாறியிருக்கும். ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி பல கார்களில் கியருக்கு அடியில், தரையோடு தரையாக இருக்கிறது. காயவைத்து ஓட்டினால் சில வாரம் ஒன்றும் தெரியாது. பிறகு பின்களில் பச்சை பூக்கும், விளக்கு எரியும். பழைய கார் வாங்கப் போனால் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். காரைத் தேய்த்துக் கழுவுகிறவர்கள்கூடச் சுருளின் உள்முனையை மறந்துவிடுவார்கள். அங்கே சேற்றுக் கோடு இருந்தால் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

பழைய கார்களை வெட்டி உதிரிபாகமாக விற்கும் ஹாஃப்-கட் கடைகளில் எஞ்சின் வாங்கலாம், கியர்பாக்ஸ் வாங்கலாம். ஏர்பேக் வாங்க வேண்டாம். அது வெள்ளத்தில் நின்றதா, கீழே விழுந்ததா, திரும்பப் பெறும் பட்டியலில் உள்ளதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஏர்பேக் தயாரித்த ஜப்பானின் தக்காத்தா நிறுவனத்தின் கதை நமக்கு நெருக்கமானது. அதன் இன்ஃப்ளேட்டர்களில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், ஈரத்தை உறிஞ்சும் பொருள் சேர்க்காத வகைகளில், வருடக்கணக்கான வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் சிதைந்து, அளவுக்கு மீறி வேகமாக எரிந்தது. உலோகக் கூடு துண்டுகளாகச் சிதறியது. நம் மலேசியாவின் பருவநிலையே அதற்கு எதிரி. 2014-ல் சரவாக்கில் ஒரு கர்ப்பிணிப் பெண் இறந்தது, அமெரிக்காவுக்கு வெளியே இதனால் நேர்ந்ததாகத் தெரியவந்த முதல் மரணம். பழைய ஜப்பானியக் கார் வைத்திருப்பவர்கள் 17 இலக்கச் சேசிஸ் எண்ணைக் கொடுத்து அந்தக் கார் நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள். பட்டியலில் இருந்தால் நிறுவனமே இலவசமாக மாற்றித் தரும். இருபது வருடப் பழைய கார்தானே என்று விடுவது, இந்த ஒரு விஷயத்தில் தலைகீழ்: பழையதாக ஆக ஆகத்தான் ஆபத்து.

ஒருமுறை வெடித்த பிறகு

பையை மட்டும் மாற்றிவிட்டு விளக்கை அணைத்துக் கொடுப்பது அரைகுறை வேலை. மோதலைப் பதிந்த கட்டுப்பாட்டுப் பெட்டி, மோதலில் இழுத்துப் பிடித்த சீட் பெல்ட் டென்ஷனர், ஸ்டியரிங் ஏர்பேக் வெடித்திருந்தால் கிளாக் ஸ்பிரிங், முன்னால் ரேடியேட்டர் பக்கம் உள்ள மோதல் சென்சார்கள், எல்லாவற்றையும் கையேட்டோடு ஒப்பிட வேண்டும். பெட்டியின் நினைவகத்தை அழித்துத் திரும்பப் போடும் சேவை மலிவாகக் கிடைக்கிறது. பெரும்பாலான கார் நிறுவனங்கள் அதை ஏற்பதில்லை. சென்சாரை மாட்டும் தகடு வளைந்திருந்தால் சென்சார் புதிதாக இருந்தும் பயனில்லை. பெட்டியின்மேல் உள்ள அம்பு காரின் முன்பக்கம் பார்க்க வேண்டும்.

வெடித்த பையில் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் கை வைக்க வேண்டாம். அந்தத் தூளில் தோலை அரிக்கும் மிச்சம் இருக்கலாம். உலோகப் பகுதி சூடாறவும் கொஞ்ச நேரம் விடுங்கள்.

வெடிக்காத ஏர்பேக்கைத் தூக்கும்போது மூடிப் பக்கம் உடம்பைப் பார்க்கக் கூடாது. மேசையில் வைத்தால் மூடி மேலே, உலோகம் கீழே, அதன்மேல் எதுவும் வேண்டாம். கவிழ்த்து வைத்தால் வெடிக்கும்போது பை தரையை உதைத்து முழு ஏர்பேக்கையும் கூரைக்கு வீசும். கீழே விழுந்ததைத் திரும்ப மாட்ட வேண்டாம். சாயம் பூசிக் காயவைக்கும் அறைக்குப் போகும் கார் என்றால், அறையின் சூடு என்ன, ஏர்பேக் எவ்வளவு தாங்கும் என்று முன்பே பாருங்கள். 93 பாகை செல்சியசுக்கு மேல் வேண்டாம் என்கின்றன ஹோண்டா கையேடுகள்.

எல்லாம் மாட்டியானதும் கடைசியாகத்தான் நெகட்டிவ். அப்போது காருக்குள் யாரும் இருக்கக் கூடாது. பிறகு ஏர்பேக்குகளுக்கு நேராகத் தலையை வைக்காமல், கதவுப் பக்கம் நின்று கையை மட்டும் நீட்டிச் சாவியைத் திருப்புங்கள். 6 விநாடி எண்ணுங்கள். விளக்கு அணைந்தால் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, இருக்கைகளை முன்னும் பின்னும் நகர்த்தி, இன்னொரு முறை ஸ்கேன் செய்துவிட்டு வண்டியைக் கொடுங்கள்.