ஐப்பசியில் வாங்கி, தையில் விற்பது: பழம்புடவைக் கடை போட நினைப்பவர்களுக்கு

எங்கள் கடை மாயவரத்தில் இருக்கிறது, பத்துக்குப் பன்னிரண்டு அடி. பேருந்தில் மயிலாடுதுறை என்று எழுதியிருந்தாலும் ஊருக்குள் இன்னும் மாயவரம்தான். விற்பது முழுக்கப் பழசு: திருபுவனம் பட்டு, கூறைநாட்டுக் கட்டம், எழுபதுகளின் நைலக்ஸ், வாயில் புடவை, பெரிய காலர் வைத்த டெரிலின் சட்டை. போர்டில் ‘விண்டேஜ்’ என்று எழுத வைத்தது என் தங்கை. வழி கேட்கிறவர்கள் ‘பழம்புடவைக் கடை’ என்றுதான் கேட்கிறார்கள். புதிதாக ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன். இடையிடையே மழைக் கதையும் வரும், அது இல்லாமல் இந்த ஊரில் துணிக் கடை கிடையாது.

1. முதலில் மாதக் கணக்கு

தீபாவளிக்கு யாரும் பழசு வாங்க மாட்டார்கள். ஓரத்தில் மஞ்சள் தடவிய புதுத்துணி வேண்டும், அவ்வளவுதான். இது தெரியாமல் முதல் வருடம் தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் கடையைத் திறந்துவிட்டு ஈ ஓட்டினேன். ஆனால் அதே நாட்களில்தான் எல்லா வீட்டிலும் பரணை ஒழிக்கிறார்கள், பீரோவைக் கவிழ்க்கிறார்கள், பெட்டிகளைத் திறக்கிறார்கள். ஆகவே ஐப்பசி, கார்த்திகை வாங்குவதற்கு, மார்கழி பழுது பார்ப்பதற்கு, தை பிறந்ததும் முகூர்த்தங்களை ஒட்டி விற்பதற்கு. நவராத்திரிக்கு மட்டும் குழந்தைகளின் பட்டுப்பாவாடை நன்றாகப் போகும். முதல் கொள்முதலுக்கு முப்பது உருப்படி போதும். அதற்கு மேல் வாங்கினால் வைக்க இடம் தேடுவீர்கள்.

2. வீடுகளில் வாங்குவது

இதுதான் தொழிலின் பாதி. உங்கள் போட்டி இன்னொரு கடைக்காரர் இல்லை, வண்டியில் ஒலிபெருக்கி கட்டி ‘பழைய பட்டு, ஜரிகை வாங்குறதே’ என்று வருகிறவர். அவருக்குப் புடவை வேண்டாம், அதில் இருக்கும் வெள்ளி வேண்டும். அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி அதற்குத் தங்க முலாம் பூசியது. பட்டை எரித்துவிட்டால் வெள்ளி மிஞ்சும். எனவே ஜரிகைப் புடவை எதுவானாலும் அவர் சொல்லும் விலைக்குக் கீழே நீங்கள் கேட்கவே முடியாது, வெள்ளி ஏற ஏற அந்த அடிமட்டமும் ஏறிக்கொண்டே போகும். அவரைவிடக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். எரிக்க மாட்டோம், ஒருவர் கட்டிக்கொள்வார் என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள், அதற்கு மதிப்பு உண்டு.

போன ஐப்பசியில் ஒரு பாட்டி கூப்பிட்டு அனுப்பினார். தகரப் பெட்டி, உள்ளே வெள்ளை வேட்டியில் சுற்றிய மாம்பழ மஞ்சள் புடவை, அரக்குக் கரை, கரையில் வரிசையாக ருத்ராட்சம். “எரிச்சு வெள்ளி எடுப்பேன்னு நேரா என்கிட்டயே சொல்றாம்மா அவன். அதான் கொடுக்கல” என்றார். பிரித்து வெளிச்சத்தில் பிடித்தேன். நடு மடிப்பில் ஓர் அங்குல நீளத்துக்கு இற்றிருந்தது, மற்ற இடமெல்லாம் திடமாக இருந்தது. 3,500 கொடுத்தேன். “யார் கட்டிக்கறாங்கன்னு ஒரு போட்டோ காட்டணும்” என்று நிபந்தனை போட்டார்.

ஒன்று: கல்யாணக் கூறைப் புடவையை நானாகக் கேட்பதில்லை. கொடுத்தால் வாங்குவேன். துக்கம் நடந்த வீட்டிலும் ஒரு வருடமாவது போகட்டும்.

3. கையிலெடுத்ததும் பார்க்க வேண்டியது

மடிப்புகளைத்தான் முதலில் பாருங்கள். இரண்டு விரலால் துணியை லேசாக இழுத்தால் ‘சர்’ரென்று பிரிகிறதா? பிரிந்தால் அது புடவை இல்லை, கரையை மட்டும் வெட்டி எடுக்கலாம் என்ற விலைக்குக் கேளுங்கள். அடுத்து முந்தானை ஓரத்தில் ஒரு நூலை உருவி, வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுக் கொளுத்துங்கள். பட்டு முடி கருகிய வாடை அடிக்கும், சாம்பல் விரலில் பொடியும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி உருண்டையாகும். பருத்தி காகிதம் போல எரியும். பழைய கூறைநாட்டுப் புடவையில் பட்டும் பருத்தியும் கலந்திருக்கும் என்பதால் பாவு (நீளவாக்கு நூல்), ஊடு (குறுக்கு நூல்) இரண்டிலும் ஒவ்வொரு நூல் எடுத்துப் பாருங்கள்.

ஜரிகையைப் பின்பக்கம் நகத்தால் மெல்லச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் நல்ல அறிகுறி, வெள்ளை நூல் தெரிந்தால் பெரும்பாலும் போலி. இது மட்டும் போதாது, சிவப்புச் சாயம் ஏற்றிய போலியும் உண்டு, பெரிய விலை என்றால் நகைத் தொழில் தெரிந்தவரிடம் காட்டிவிடுங்கள். கறுத்த ஜரிகையைக் கண்டு பயப்பட வேண்டாம், வெள்ளி கறுக்கத்தான் செய்யும். புளி, எலுமிச்சை என்று எதையும் தேய்த்துவிடாதீர்கள்.

ஒன்பது கஜம் கிடைத்தால் விடாதீர்கள். மடிசார் கட்டுபவர்கள் குறைந்துவிட்டதால் மலிவாக வரும். சுமார் 8.2 மீட்டர். அதில் ஆறு கஜப் புடவை ஒன்று எடுத்தது போக 2.7 மீட்டர் மிஞ்சும், ஒரு குழந்தைக்குப் பாவாடை சட்டை ஆகிவிடும்.

4. துவைப்பது, தைப்பது

ஈரப் பஞ்சை உள்பக்க ஓரத்தில் அரை நிமிடம் அழுத்துங்கள். சாயம் ஒட்டினால் தண்ணீரே காட்டாமல் டிரை வாஷ். ஒட்டாவிட்டால் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் அலசி, முறுக்காமல், நிழலில் போடுங்கள். இற்ற இடத்துக்கு டார்னிங், அதாவது ஊசியால் இழையோட்டி அடைப்பது. கும்பகோணம் பக்கம் நல்ல கை உள்ளவர்கள் இருக்கிறார்கள், ஆனால் தீபாவளி நெருக்கத்தில் கொடுத்தால் பொங்கலுக்குத்தான் வரும்.

5. மழையில் காப்பாற்றுவது

‘ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை’ என்பது துணிக் கடைக்காரருக்குப் பழமொழி இல்லை, எச்சரிக்கை. முதல் வருடம் இருபத்திரண்டு புடவைகளைப் பளபளவென்று பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒட்டி, ரொம்பப் பத்திரம் என்று நினைத்து அடுக்கினேன். கார்த்திகை தீபத்தன்று அகல் எடுக்கப் பீரோவைத் திறந்தால் மக்கல் வாடை முகத்தில் அடித்தது, கவருக்குள் வியர்த்திருந்தது, கரைகளில் திருநீறு தூவியது போலப் பூஞ்சை. ஏழு புடவை போச்சு. மிச்சத்தை மழை விட்ட நாளில் திண்ணையில் விரித்து, காய்ந்த பிறகு மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன். பூஞ்சையை ஈரத் துணியால் துடைத்தால் இன்னும் உள்ளே இறங்கும்.

இப்போது எல்லாம் துவைத்த பழைய வேட்டியில்தான் சுற்றுகிறேன். பீரோ சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி, பலகை மேல் நிற்கிறது, நம் ஊர்ச் சுவர்கள் அடியிலிருந்து ஈரம் குடிக்கும். வசம்பைத் துணியில் முடிந்து மூலையில் வைக்கலாம். அந்துருண்டை ஜரிகையில் படவே கூடாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி மடியுங்கள், ஒரே மடிப்பில் கிடந்தால்தான் பட்டு அங்கேயே இறும்.

6. விலையும் காகிதமும்

அந்த மஞ்சள் புடவைக்கு டார்னிங் 400, டிரை வாஷும் பாலிஷும் 300. ஆக அடக்கம் 4,200. நான் வைத்த விலை 6,200. மூன்று மாதம் பணம் முடங்கியதற்கும் கடை வாடகைக்கும் சேர்த்துத்தான் அந்த 2,000. இதைவிடக் குறைத்தால் பொழுதுபோக்கு ஆகிவிடும். வாங்கும்போது தேதி, விலை, கையெழுத்து எல்லாம் ஒரு நோட்டில் இருக்கட்டும். சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இணையத்தில் இலவசம், காசு கேட்கும் இடைத்தரகரை நம்ப வேண்டாம். ஜிஎஸ்டி பற்றி ஒரு கணக்காளரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுங்கள், வெளிமாநிலத்துக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் கட்டாயம்.

7. மழைநாளில் கடை

எனக்கு மிகவும் பிடித்த காலம் இது, வியாபாரம் இல்லாவிட்டாலும். ஐப்பசி முழுக்கத் துலாக் கட்டத்தில் காவிரி ஸ்நானம், மாதக் கடைசி நாளில் கடைமுகம். அன்றைக்கு ஊரே தெருவில் இருக்கும். கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்குக்கும் கூட்டம் வரும். முழுகிவிட்டு ஈரத் தலையோடு நேராகக் கடைக்குள் வருவார்கள். வாசலில் கோணி, குடை மாட்ட ஒரு கயிறு, கை துடைக்க ஒரு துண்டு, இந்த மூன்றும் இல்லாமல் கதவைத் திறக்காதீர்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டில் வட்டமாகக் கறை வைக்கும். பஜ்ஜி அதைவிட மோசம். பக்கத்து டீக்கடையில் நாலு மணிக்கு வாழைக்காய் பஜ்ஜி போடுவார்கள், நானும் தினம் இரண்டு தின்பேன், ஆனால் வாசலுக்கு வெளியே நின்று. தின்றவர் கை கழுவும் வரை புடவை காட்டுவதில்லை, என் சித்தி உட்பட.

போட்டோ எடுக்கவும் இதுதான் நேரம். சித்திரை வெயிலில் ஜரிகை கண்ணைப் பறித்து நிறமே தெரியாது. மேகம் கட்டிய காலைப் பத்து மணிக்கு வாசல் வெளிச்சத்தில் எடுத்தால் அரக்கு அரக்காகவே விழும். ஓட்டை இருந்தால் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து அதையும் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பிவிடுங்கள். மறைத்து விற்றால் புடவை திரும்பி வரும், ஆள் வர மாட்டார்.

மாம்பழ மஞ்சள் தை இரண்டாம் வாரம் போனது. வாங்கிய பெண் திருவாரூர்க்காரர், அக்கா கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு படம் அனுப்பினார். சொன்னபடி அதைப் பாட்டியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை மாட்டி, போனை எட்டப் பிடித்து, கிட்டப் பிடித்து, ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “கொசுவம் சரியா வைக்கலையே” என்றார்.