காபி வறுவல் தொழில்: பச்சைக் கொட்டை வாங்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வறுவல் தொழில் தொடங்க நினைப்பவர்கள் வந்து கேட்கும்போது பேச்சு பெரும்பாலும் மெஷினைச் சுற்றியே ஓடுகிறது. ஐந்து கிலோவா, பதினைந்து கிலோவா, கேஸா, கரண்டா என்று. கொட்டையைப் பற்றிக் கேட்டால், "பிளான்டேஷன் ஏ, பீபெரி, கொஞ்சம் ரோபஸ்டா. அவ்வளவுதானே சார்?" என்று முடித்துவிடுகிறார்கள். மெஷினில் கை பழக ஆறு மாதம் போதும். கொட்டையிலேயே இல்லாத ருசியை எத்தனை வருஷம் பழகினாலும் வறுத்துக் கொண்டுவர முடியாது. அதனால் வாங்கும் இடத்தில் என்னென்ன தவறு நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் தவறு, கிரேடு பெயரை ருசியின் பெயர் என்று நினைப்பது. அராபிகா, ரோபஸ்டா என்பவை காபியின் இரண்டு இனங்கள். பிளான்டேஷன் என்றால் பழத்தோலை உரித்து, கொழகொழப்பு போகும்வரை ஊறவைத்து, கழுவிக் காயவைத்த அராபிகா. பழத்தோடு அப்படியே காயவைத்தது அராபிகா செர்ரி. ரோபஸ்டாவிலும் இதே இரண்டு வகை உண்டு: கழுவியது பார்ச்மெண்ட், கழுவாதது செர்ரி. பெயருக்குப் பின்னால் வரும் ஏஏ, ஏ, பி, சி எல்லாம் முக்கியமாகச் சல்லடைக் கணக்கு. ஏ என்றால் 17ஆம் நம்பர், அதாவது 6.65 மி.மீ. துளைச் சல்லடையில் தங்கும் கொட்டை. பி என்றால் 15ஆம் நம்பர், 6 மி.மீ. கூடவே கழிவுக் கொட்டை எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு. அந்தக் கொட்டை எந்த மலையில் விளைந்தது, பழுத்த பிறகு பறித்தார்களா, ஒழுங்காகக் காய்ந்ததா என்று அந்த எழுத்து எதுவும் சொல்லாது. நல்ல தோட்டத்து பி, அக்கறையில்லாமல் பறித்த ஏயைவிட ருசியாக இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். விலையும் குறைவு.

பீபெரிக்கு நம் ஊரில் தனி மரியாதை. வழக்கமாக ஒரு பழத்துக்குள் இரண்டு கொட்டை முகம் பார்த்து உட்கார்ந்திருக்கும். ஒன்று மட்டும் வளர்ந்தால் அது உருண்டையாகிவிடும். அதுதான் பீபெரி. உருண்டையாக இருப்பதால் டிரம்மில் நன்றாக உருண்டு சீராக வறுபடும், உண்மைதான். ஆனால் ரோபஸ்டாவிலும் பீபெரி உண்டு. "பீபெரி" என்று மட்டும் பில்லில் எழுதியிருந்தால் அது அராபிகாவா, ரோபஸ்டாவா, கழுவியதா, கழுவாததா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். விலையில் பெரிய வித்தியாசம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அடுத்தது சாம்பிளை மட்டும் பார்த்து லோடு இறக்குவது. நான் தொடங்கிய வருஷம் ஒரு வியாபாரியிடமிருந்து அரைக்கிலோ சாம்பிள் வந்தது. நீலப்பச்சை நிறம், சீரான அளவு, வாசனையும் சுத்தம். நம்பி பத்து மூட்டைக்குப் பணம் அனுப்பினேன். வந்ததும் இரண்டு மூட்டையின் வாயைப் பிரித்துப் பார்த்தேன், சாம்பிள் மாதிரியே இருந்தது, அடுக்கிவிட்டேன். மூன்று வாரம் கழித்து நான்காவது மூட்டையைக் கொட்டும்போது பாதிக்குக் கீழே வெளிறிய கொட்டை. கையில் அள்ளி முகர்ந்தால் நனைந்து காய்ந்த கோணி வாடை. போன வருஷத்துச் சரக்கைக் கலந்திருக்கிறார்கள். அதற்குள் மூன்று மூட்டையை வறுத்து விற்றும் விட்டேன். திருப்பி அனுப்ப வாயில்லாமல் போய்விட்டது.

அன்றைக்கு என்னிடம் இருந்திருக்க வேண்டியது, அரிசி மண்டியில் மூட்டையைக் குத்திப் பார்க்கும் அதே குத்தூசிதான். இறக்கும் அன்றே ஒவ்வொரு மூட்டையிலும் மேலே, நடுவில், அடியில் குத்தி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து 350 கிராம் நிறுத்து, கறுப்புத் துணியில் பரப்பி, நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து பொறுக்குங்கள். கறுத்தது தனி, செம்பழுப்பானது தனி, உடைந்தது தனி. குண்டூசித் தலை அளவு ஓட்டை இருந்தால் அது காய்த்துளைப்பான் வண்டு. இந்தியாவில் 1990இல் கூடலூர்ப் பக்கம் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட பூச்சி அது. சாம்பிளிலும் அதே 350 கிராமைப் பொறுக்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மிச்ச சாம்பிளைக் காற்றுப் புகாமல் கட்டி, தேதி எழுதி, சரக்கு தீரும்வரை வைத்திருங்கள். பேச்சு வந்தால் பேசுவதற்கு அதுதான் ஆதாரம்.

கண்ணுக்குத் தெரியாத குறைகளும் உண்டு. தொட்டியில் அதிகமாகப் புளித்து அழுகிய கொட்டை சில சமயம் பார்வைக்குச் சாதாரணமாகவே இருக்கும். வறுத்து அரைக்கும்போதுதான் நாறும். பழுக்காமல் பறித்த காயும் அப்படித்தான். பச்சையில் தெரியாது, வறுத்தபின் அது மட்டும் வெளிறி நிற்கும். ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள், காபி இருக்காது, காய்ந்த வேர்க்கடலைத் தோல் மாதிரி இருக்கும். ஆகவே வறுத்துக் குடித்துப் பார்க்காமல் எந்த லாட்டுக்கும், அதாவது ஒரே தடவையில் வரும் சரக்குக்கு, சரி என்று சொல்லாதீர்கள்.

எப்படிக் குடித்துப் பார்ப்பது என்பதில்தான் புதியவர்கள் அதிகமாகத் தடுமாறுகிறார்கள். கப்பிங், அதாவது கிண்ணத்தில் தூளின் மேல் நேரே வெந்நீர் ஊற்றி ருசி பார்க்கும் முறை, தெரிந்திருக்க வேண்டும்: 150 மில்லி தண்ணீருக்கு 8.25 கிராம் தூள், 93 டிகிரியை ஒட்டிய சூடு, நான்கு நிமிஷம் கழித்து மேலே கட்டிய நுரையைக் கரண்டியால் விலக்குவது. குறைகளைப் பிடிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் உங்கள் கடைக்கு வருகிறவர் கப்பிங் கிண்ணத்தில் குடிக்கப் போவதில்லை. அதே கொட்டையைக் கொஞ்சம் அழுத்தி வறுத்து, பில்டரில் டிகாஷன் இறக்கி, கொதித்த பாலும் சர்க்கரையும் சேர்த்து டபராவில் ஆற்றிக் குடித்துப் பாருங்கள். கிண்ணத்தில் எலுமிச்சை, பூ என்று மணந்த அராபிகா பாலில் காணாமல் போயிருக்கும். கிண்ணத்தில் சாதாரணமாகத் தோன்றிய ஒரு ரோபஸ்டா பார்ச்மெண்ட் பாலைத் தாண்டி நிமிர்ந்து நிற்கும்.

ரோபஸ்டா என்றாலே மட்டம் என்று ஒதுக்குவது இதனால்தான் தவறு. இந்தியாவில் விளையும் காபியில் சுமார் எழுபது சதவீதம் ரோபஸ்டாதான். நன்றாகக் கழுவிக் காயவைத்த ரோபஸ்டா கெட்டியையும் நுரையையும் கொடுக்கும். மட்டமானது, கண்டபடி உலர்த்திய செர்ரியும் பிபிபி என்று விற்கும் கறுப்பு, பழுப்பு, உடைசலும்தான். விலைக்கு ஆசைப்பட்டு பிபிபி கலந்தால் அந்தக் கருகல் கசப்பை மறைக்கச் சிக்கரியைக் கூட்டிக்கொண்டே போவீர்கள். சட்டப்படி காபி-சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, கலவை விகிதத்தைப் பாக்கெட்டில் போட்டே ஆக வேண்டும். அது வேறு.

ஈரப்பதம். கொட்டையில் 10 முதல் 12 சதவீதம் வரை இருந்தால் நிம்மதி. கூடினால் பூஞ்சை வரும், குறைந்தால் மணம் போய் எளிதில் தீயும். மீட்டர் வாங்கிவிடுங்கள், முதல் ஐம்பது மூட்டைக்குள்ளேயே அதன் விலை திரும்பிவிடும். அதைவிட முக்கியம், வாங்கிய பிறகு எங்கே வைக்கிறீர்கள் என்பது. ஐப்பசி, கார்த்திகையில் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ வெறும் சாக்கில் கிடக்கும் கொட்டை காற்றிலிருந்தே ஈரத்தைக் குடிக்கும். உள்ளே பிளாஸ்டிக் உறை போட்ட சாக்கு, தரையில் மரப்பலகை, சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி. சிக்கரி, மிளகாய்த்தூள், கற்பூரம், ஊதுபத்தி எதுவும் அதே அறையில் வேண்டாம். பச்சைக் கொட்டை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். பக்கத்தில் மசாலா அரவை மில் இருக்கும் கட்டடத்தைக் குடோனுக்குப் பிடிக்கவே பிடிக்காதீர்கள்.

எப்போது வாங்குகிறோம் என்பதும் கணக்கில் வர வேண்டும். நம் பக்கம் அராபிகா அறுவடை நவம்பரில் தொடங்கி ஜனவரி, பிப்ரவரி வரை போகும். ரோபஸ்டா ஜனவரியிலிருந்து மார்ச் வரை. காய்ந்து, கியூரிங் (காய்ந்த ஓட்டை நீக்கித் தரம் பிரிப்பது) முடிந்து புதுச் சரக்கு அதற்குப் பிறகே சந்தைக்கு வரும். அக்டோபரில் "புதுசு சார்" என்று யாராவது கொடுத்தால், அது போன பருவத்துக் கொட்டை. எந்த வருஷத்து மகசூல் என்று பில்லில் போடச் சொல்லுங்கள். அதற்காக ஒரு வருஷச் சரக்கை ஒரேயடியாக வாங்கிக் குவிக்கவும் வேண்டாம். தொடக்கத்தில் மூன்று மாதத் தேவை போதும்.

தோட்டத்திலேயே நேரே வாங்குவது எனக்குப் பிடித்த வழி. கொடைக்கானல் கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் போனால் வாழையும் ஆரஞ்சும் மிளகுமாக நிழல் கட்டிய சிறு தோட்டங்கள். பறிப்பதையும் காயவைப்பதையும் கண்ணால் பார்க்கலாம். ஆனால் விவசாயி சொல்வது பெரும்பாலும் 50 கிலோ பார்ச்மெண்ட் மூட்டை விலை, அதாவது கழுவிக் காயவைத்து மேல்தோல் இன்னும் நீக்காத கொட்டையின் விலை. தோல் நீக்கினால் சுமார் 40 கிலோதான் கொட்டை. செர்ரியில் ஏறக்குறைய பாதிதான் தேறும். அந்த அவுட்டர்னை, அதாவது தேறும் எடையை, முதலில் பேசிக்கொள்ளுங்கள். பட்டிவீரன்பட்டி மாதிரி ஊர்களில் உள்ள கியூரிங் ஆலைக்குக் கொடுக்கும் கூலியையும் லாரி வாடகையையும் சேர்த்த பிறகுதான் கிலோ விலை தெரியும்.

அப்புறம் வறுவல் சேதாரம். கிலோ 500 ரூபாய்க்கு வாங்கிய கொட்டை 16 சதவீதம் எடை இழந்தால் வறுத்த கிலோவின் அடக்கம் 595 ரூபாய். ஈரமான சரக்கு வந்து 19 சதவீதம் இழந்தால் 617. கிலோவுக்கு 22 ரூபாய் தண்ணீருக்குக் கொடுத்தது. இது தெரிய ஒரு நோட்டு போதும்: லாட் நம்பர், போட்ட எடை, வந்த எடை. நான் அந்த நோட்டைக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். வியாபாரி விலை பேச வந்தால் அவர் கொடுத்த போன லாட்டின் பக்கத்தைத் திறந்து காட்டிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவேன்.