பூனைக்குட்டிக்குப் பால் கடைசி வேலை

போன ஐப்பசி அடைமழையில, மதுரை செல்லூர்ல எங்க தெருத் தறிக்கூடத்துக்குப் பின்னால, கழிவு நூல் அடைச்ச சாக்குக்குள்ள நாலு பூனைக்குட்டி கிடந்துச்சு. கண்ணு திறக்கல. நாலுல மூணு பிழைச்சுச்சு. செத்த ஒண்ணு என் கையாலதான் செத்துச்சு. அது எந்த இடத்துலன்னு கீழ வரும்போது சொல்றேன், அவசரமா இருக்கிறவங்க நேரா அங்க போயிடுங்க.

பார்த்ததும் தூக்காதீங்க. தாய்ப்பூனை இரை தேடப் போயிருக்கும், இல்லன்னா ஒவ்வொண்ணா கவ்வி இடம் மாத்திக்கிட்டு இருக்கும். நாம பக்கத்துல நின்னா வரவே வராது. வயிறு நிறைஞ்சு ஒண்ணு மேல ஒண்ணு தூங்குதுன்னா அம்மா இருக்குன்னு அர்த்தம். நனையாத இடமா இருந்தா சுத்தி லேசா அரிசி மாவைத் தூவிட்டுப் போங்க, வந்து போனா கால்தடம் விழும். மனுஷன் தொட்டா தாய் ஒதுக்கிடும்னு சொல்றது பொய். ஆனா எறும்பு மொய்ச்சாலோ, நாய் சுத்துனாலோ, தொட்டா ஜில்லுனு இருந்தாலோ காத்திருக்காதீங்க. எங்களுக்கு அந்தக் குழப்பமே இல்ல. முதல் நாளே தாய் குலமங்கலம் ரோட்டுல வண்டியில அடிபட்டுருச்சுன்னு தறிக்கார அண்ணன் சொல்லிட்டார்.

வயசு கண்டுபிடிக்கிறது லேசு. தொப்புள்கொடி ஒட்டிக்கிட்டு இருந்தா பிறந்து அஞ்சு நாளுக்குள்ள. கண்ணு 7 முதல் 14 நாளுக்குள்ள திறக்கும். முன்பல்லு முளைச்சு தத்தித் தத்தி நடந்தா மூணு வாரம்.

அடுத்தது சூடு. பால் இல்ல, சூடு. சின்னக் குட்டியால தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாத்திக்க முடியாது. உடம்பு குளிர்ந்து கிடந்தா குடலும் வேலை செய்யாது, ஊத்துற பால் அப்படியே தங்கிக் கெட்டுப்போகும். சுண்டுவிரலை வாய்க்குள்ள வச்சுப் பாருங்க. உள்ள ஜில்லுனு இருந்தா பால் டப்பாவை மூடி வச்சிருங்க. மதுரையில என்னய்யா குளிருன்னு கேக்காதீங்க, மழை நாள்ல சிமெண்ட் தரையில வெறுங்காலோட நின்னு பாருங்க.

தண்ணி பாட்டில்ல வெந்நி ஊத்தி, பழைய சுங்குடிச் சேலையில ரெண்டு சுத்து சுத்தி, அட்டைப்பெட்டியோட ஒரு பாதியில மட்டும் வைங்க. மறு பாதி சும்மா இருக்கணும். சூடு அதிகமானா குட்டி நகர்ந்து போக இடம் வேணும்ல. டர்க்கி டவல் வேண்டாம், நகம் நூல்ல மாட்டும். ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒருக்க வெந்நி மாத்தணும். ரொம்ப ஜில்லுனு இருக்கிற குட்டியைச் சட்டைக்குள்ள வயித்தோட சேத்து வச்சுக்கிட்டு உக்காந்துருங்க. பைய ஏறட்டும்.

இப்பதான் பால். மாட்டுப்பால் கூடாது. அதுல இருக்கிற லாக்டோஸ்ங்கிற பால் சர்க்கரை பல குட்டிகளுக்குச் செரிக்காம வயித்தால போகும், சின்ன உடம்புல தண்ணி வத்த ஒரு நாள் போதும். போதாததுக்கு, பூனைப்பால்ல இருக்கிற புரதம் மாட்டுப்பால்ல இருக்கிறதைப் போல ரெண்டு மடங்குக்கு மேல. பெட் ஷாப்புல பூனைக்குட்டிக்குன்னே பால்பவுடர் இருக்கு. டப்பாவுல போட்டிருக்கிற அளவுப்படி கலக்குங்க, கூடக் குறைய வேண்டாம். மணிக்கட்டுல ஒரு சொட்டு விட்டா வெதுவெதுன்னு தெரியணும். மிச்சம் இருந்தா ஊத்திருங்க, நம்ம ஊரு வெக்கைக்கு வெளிய வச்சதை மறுபடி கொடுக்கக் கூடாது.

ஒரு வேளைக்கு 100 கிராம் எடைக்கு 4 மி.லி. கணக்கு. முதல் வாரம் ராத்திரி உள்பட ரெண்டு மூணு மணிக்கு ஒருக்க, ரெண்டாவது வாரம் மூணு நாலு மணிக்கு ஒருக்க. அலாரம் வச்சு எந்திரிக்கிறதைத் தவிர வேற குறுக்கு வழி இல்ல.

நான் கோட்டை விட்ட இடம்

அம்மா, கைக்குழந்தைக்குப் பால் ஊத்துற பாலாடைக் கிண்ணத்தைக் கழுவி எடுத்துட்டு வந்தாங்க. “ஒனக்கே இதுலதான்டா ஊத்துனேன், செத்தா போயிட்ட?” நான் பெரிய விவரமானவன் மாதிரி பாலாடை வேண்டாம்னுட்டு 5 மி.லி. சிரிஞ்சை எடுத்தேன். குட்டியைக் கைக்குழந்தை மாதிரி மல்லாக்கப் போட்டேன். பிஸ்டனை அமுக்குறேன், நகரல. ரப்பர் ஒட்டிக்கிச்சு. இன்னும் கொஞ்சம் அழுத்துனேன், சடக்குனு விட்டுச்சு. உள்ள இருந்த மொத்தமும் ஒரே பீச்சு. மூக்குல ரெண்டு வெள்ளைக் குமிழி வந்துச்சு. தும்முச்சு, அப்புறம் சாதாரணமாத்தான் இருந்துச்சு. மறுநாள் சாயந்திரம் மூச்சு விடும்போது கரகரன்னு சத்தம். ராத்திரி போயிருச்சு. பால் நுரையீரலுக்குள்ள போயிருச்சுன்னு அப்புறம் டாக்டர் சொல்லித்தான் தெரியும்.

அதனால: குட்டி குப்புறத்தான் இருக்கணும், தாய்கிட்ட குடிக்கிற மாதிரி. வயிறு துணியில, தலை லேசா நிமிர்ந்து. சிரிஞ்சுன்னா 1 மி.லி. மட்டும், ஊசியைக் கழட்டிட்டு. பிஸ்டனை முதல்ல வெறும் தண்ணியில நாலு தடவை இழுத்து அமுக்கிப் பாருங்க, இறுகுனா தூக்கிப் போடுங்க. மெடிக்கல்ல சில ரூபாதான். குட்டி நாக்கைச் சுத்தி உறிஞ்சுற வேகத்துக்கு மட்டும் விடுங்க. பாலாடை, இங்க் ஃபில்லர் ரெண்டும் வேண்டாம், ரெண்டுமே ஊத்துற சாமான், உறிஞ்சுற சாமான் இல்ல.

என் ஓட்டு இப்ப சின்ன நிப்பிள் பாட்டிலுக்குத்தான். ஆனா அந்த நிப்பிள்ல பல சமயம் ஓட்டையே இருக்காது, அது தெரியாம குட்டி குடிக்க மாட்டேங்குதுன்னு ஒரு பகல் முழுக்க அழுதவனும் நான்தான். ஊசியைச் சூடு பண்ணிக் குத்துங்க. கவுத்தா ஒவ்வொரு சொட்டா விழணும், கோடா ஊத்துனா ஓட்டை பெருசு. மூக்குல பால் வந்தா உடனே நிறுத்தி, தலையைத் தாழ்த்தித் துடைங்க. மூச்சுல சத்தம் கேட்டா அன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க. நான் செஞ்ச மாதிரி மறுநாளைக்குத் தள்ளாதீங்க.

குடிச்சதும் வெதுவெதுப்பான தண்ணியில நனைச்ச பஞ்சால அடிப்பக்கத்தை லேசாத் தடவணும். தாய் நக்கிவிடுற வேலை அது. செய்யலன்னா மூத்திரம், மலம் எதுவும் தானா போகாது. மூணு நாலு வாரம் வரைக்கும் ஒவ்வொரு வேளையும்.

எடை பார்க்கிறதை விட்டுறாதீங்க. எதிர்வீட்டுப் பூக்காரக்காகிட்ட மல்லி நிறுக்கிற மெஷின் இருக்கு. முதல் நாள் ஒரு குட்டியை அதுல வச்சப்ப, தட்டுல ஒட்டியிருந்த ரெண்டு மொட்டோட சேத்து 112 கிராம் காட்டுச்சு. “தம்பி, என் உதிரிப்பூவைக் கழிச்சிட்டுச் சொல்லு”ன்னாங்க. தினம் 10, 15 கிராம் ஏறணும். ஒரு நாள் ஏறலன்னா கவனிங்க, இறங்குனா டாக்டர்தான்.

வீட்டுல இருக்கிற எமன்களையும் சொல்லிடுறேன். ஃபினாயில் ஊத்தித் துடைச்ச தரை, பாராசிட்டமால் (பூனைக்குத் துளி கூட விஷம்), நாய்க்கு விக்கிற உண்ணி மருந்து. தெள்ளுப்பூச்சி இருந்தா சீப்பால வாரி சோப்புத் தண்ணியில போடுங்க. பல் ஈறு வெளுத்திருந்தா அது ரத்தத்தைக் குடிச்சிருக்கலாம்.

பிற்சேர்க்கை: கண்ணு ஒட்டிக்கிச்சு, பிரிச்சு விடலாமான்னு மூணு பேர் கேட்டுட்டாங்க. பிரிக்காதீங்க. வெந்நியில நனைச்ச பஞ்சை வச்சு ஊறவிட்டுத் துடைங்க. மூடுன இமைக்குள்ள வீங்கியிருந்தா சீழ், அன்னைக்கே காட்டணும்.

இன்னொருத்தரைக் குட்டி கடிச்சிருச்சாம், மஞ்சள் வச்சாராம். குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்க, அப்படியே ராஜாஜி ஆஸ்பத்திரிக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய் வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கோங்க. குட்டிதானேன்னு விடாதீங்க.

எப்ப சோறு வைக்கலாம்னு கேட்டவருக்கு: நாலு வாரத்துல நிப்பிளைக் கடிக்க ஆரம்பிக்கும். குட்டிகளுக்கான தீனியைப் பால்பவுடர் கரைசல்ல குழைச்சு தட்டுல வைங்க, முதல் ரெண்டு நாள் அதுல நடந்துதான் பழகும். வயித்துப் பூச்சிக்கு மருந்து, 6 முதல் 8 வாரத்துல முதல் தடுப்பூசி எல்லாம் டாக்டர் எடையைப் பார்த்துச் சொல்வார்.

கடுவன் இப்ப பூக்காரக்கா வீட்டுல. ரெண்டு பெட்டையும் என்கிட்டதான், அஞ்சு மாசம் ஆகப்போகுது. அதுக்குள்ள பக்கத்துத் தெருக் கடுவன் மாடிப்படியில வந்து உக்காந்துக்கிட்டுப் பாட ஆரம்பிச்சிருச்சு. வர்ற வெள்ளிக்கிழமைக்குக் கருத்தடைக்கு நாள் வாங்கியிருக்கேன்.