ஆய்வுக் கட்டுரையா, இதழ்க் கட்டுரையா: பிரித்தறியும் முறை

எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் கிடைத்தது என்பதாலேயே ஒரு நூல் ஆய்வு நூலாகிவிடும் என்று ஆய்வேடு எழுதத் தொடங்கும் மாணவர் பலர் நம்புகின்றனர். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படி ஒன்று அங்கு வந்தாக வேண்டும். ஆகவே சோதிட நூலும் கல்வெட்டியல் நூலும் அங்கே ஒரே கூரையின் கீழ்தான் இருக்கும்.

எனவே கையில் எடுத்ததும் கட்டுரையின் கடைசிப் பக்கத்தைப் புரட்டுங்கள். அடிக்குறிப்பும் துணைநூற்பட்டியலும் இருக்கின்றனவா என்பதோடு, அவற்றைப் பிடித்துக்கொண்டு எழுதியவர் வந்த வழியே நீங்களும் போக முடிகிறதா என்று பாருங்கள். கீழடி 2,600 ஆண்டுப் பழைமை உடையது என்று நாளிதழ் ஒரே வரியில் சொல்லிவிடும். தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கையோ, 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரிம மாதிரி ஒன்று அமெரிக்க ஆய்வகத்தில் கி.மு. 580 எனக் கணிக்கப்பட்டதைக் கூறுகிறது. அந்த மண்ணடுக்கு கலையாமல் இருந்ததா, ஒரு மாதிரி போதுமா என்று கேட்க நமக்கு இடம் கிடைப்பது இரண்டாவதில்தான்.

அடுத்து முன்னட்டையின் உட்பக்கம். ஆய்விதழாயின் ஆசிரியர் குழுவும், கட்டுரைகளைத் துறையறிந்த பிறர் மதிப்பிடும் முறையும் அங்கே சொல்லப்பட்டிருக்கும். தொடர்ந்து வெளிவரும் இதழ்களை அடையாளம் காட்டும் எட்டு இலக்க ஐ.எஸ்.எஸ்.என். எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். சமையல் மாத இதழும் அதைப் பெறலாம். என் கட்டுரை ஒன்றை, பணம் கட்டிய மூன்றாம் நாளே, எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தாமல், மதிப்பீடு முடிந்ததென்று சொல்லி ஓர் இதழ் அச்சிட்டது; அந்தக் கட்டுரையை நான் எங்கும் காட்டுவதில்லை. தரமான ஆய்விதழ்கள் எவை என்று காட்டிய பல்கலைக்கழக மானியக் குழுவின் 'கேர்' பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டுவிட்டதால், இந்தச் சோதனையை நாமேதான் செய்தாக வேண்டும்.

வார இதழ்களை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் பழைய வெகுசன இதழ்களைத் தேடியே ஆய்வாளர்கள் வருகின்றனர். 1930களின் சோப்பு விளம்பரங்களை ஆராய்பவருக்கு அந்த இதழே முதன்மைச் சான்று. அப்போது இதழின் தேதியையும் பக்க எண்ணையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள், இல்லையேல் அந்தப் பக்கத்துக்காகவே மறுபடி தரமணிக்குப் பேருந்து ஏற வேண்டியிருக்கும்.